மானியமும் மராமத்தும்

நமது வழக்கிலுள்ள ‘மராமத்து’ எனும் சொல் அரபி மூலத்தைக் கொண்டது. சிதைந்ததைச் செப்பனிடுதல் என்பது ‘ரம்ம’ எனும் அதன் வினையடியின் பொருள். அவ்வடியினின்று பிறந்த சொல் பாரசீகம், உருது வழியாகத் தமிழகத்து நிருவாக மொழியில் புகுந்து, ஏரி குளங்களைப் பழுது பார்க்கும் ‘குடிமராமத்து’ என்றும், அரசின் ‘மராமத்து இலாகா’ என்றும் நிலைபெற்றது. ‘மானியம்’ என்பதோ வடமொழி வழி வந்தது. முன்னர் வரிவிலக்குப் பெற்ற நிலத்தைக் குறித்த அச்சொல், பின்னர் அரசு வழங்கும் உதவித் தொகையைக் குறிக்கலாயிற்று. இவ்விரு சொற்களும் சந்திக்கும் இடங்களுள் ஒன்று, அரசு உதவி பெறும் தனியார் தொடக்கப்பள்ளி. அங்கு மானியம் எதற்கு, மராமத்து யாருடைய பொறுப்பு என்பது ஏறத்தாழ 170 ஆண்டுகளாகத் தீராத வினாவாக இருந்து வருகிறது.

நாம் எழுத்தறிந்ததும் அத்தகைய பள்ளி ஒன்றில்தான். ஆசிரியர்களுக்கு மாதந்தோறும் அரசுப் பணத்திலிருந்து சம்பளம் வந்தது. ஓடு உடைந்தால் மட்டும் தாளாளர் ஊர்ப் பெரியவர்களின் வீட்டுத் திண்ணைகளைத் தேடிப் போவார். ஐப்பசி மழையில் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் நனையாத ஓர் அறையில் நெருங்கி அமரும். சம்பளத்திற்கு ஒரு வழியும் கூரைக்கு வேறொரு வழியும் ஏன் இருக்க வேண்டும் என்று அந்த வயதில் நாம் கேட்கவில்லை. பின்னாளில் வக்ஃபுப் பாடத்தைப் பயின்றபோதும், பயிற்றுவித்தபோதும் அவ்வினா நம்மிடம் திரும்பி வந்தது.

வக்ஃபு நெறியில் கட்டடத்தின் இடம்

செல்ஜூக் அமைச்சர் நிழாமுல் முல்க் பக்தாதில் நிறுவிய நிழாமிய்யா மதரசாவின் கட்டுமானம் ஹிஜ்ரி 457இல் (கி.பி. 1065) தொடங்கி 459இல் (கி.பி. 1067) நிறைவுற்றது. 1091இல் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அங்குப் பேராசிரியராக அமர்த்தப்பட்டார்கள். அமைச்சர் ஒருவர் நிறுவியதால் அதனை அரசுக் கல்லூரி என்று கருதுவோர் உளர். ஆனால் ஜார்ஜ் மக்திசி போன்ற ஆய்வாளர்கள், அது நிழாமுல் முல்க்கின் சொந்த வக்ஃபாகவே ஏற்பட்டது என்று வாதிட்டுள்ளனர். அரசு, தனியார் என்று இன்று நாம் வகுக்கும் எல்லைக்கோடு அக்காலத்திற்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை.

1184இல் பக்தாதுக்கு வந்த பயணி இப்னு ஜுபைர், நகரின் கிழக்குப் பகுதியில் ஏறத்தாழ முப்பது மதரசாக்கள் இருந்தன என்கிறார். அவற்றுள் புகழ்மிக்க நிழாமிய்யா ஹிஜ்ரி 504இல் புதுப்பிக்கப்பட்டது என்றும், ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் செலவிடப் பெரும் வக்ஃபுச் சொத்துகள் இருந்தன என்றும் அவர் குறித்துள்ளார். கட்டி முடித்த நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குள் அத்துணைப் பெரிய கட்டடத்திற்கும் புதுப்பிப்பு வேண்டியிருந்தது. கல்வியின் செலவு ஆசிரியரின் ஊதியத்தோடு முடிவதில்லை என்பதற்கு இது போதிய சான்று.

ஃபிக்ஹு அறிஞர்கள் இதனை நன்குணர்ந்திருந்தனர். வக்ஃபின் வருவாயை முதலில் அவ்வக்ஃபின் கட்டடப் பேணுகைக்கே செலவிட வேண்டும் என்பதும், வக்ஃபு செய்தவர் அவ்வாறு நிபந்தனை இட்டாலும் இடாவிட்டாலும் அக்கடமை உண்டு என்பதும் ஹனஃபி நூலான ஹிதாயாவில் கூறப்பட்டுள்ள சட்டமாகும். பொருள் அழிந்துவிட்டால் அதன் பயன் நிலைக்காது. நிலையான பயனே வக்ஃபின் நோக்கம் என்பது இதற்கான காரணம். நம் கடற்கரை ஊர்களில் பெரிதும் பயிலப்படும் ஷாஃபிஈ நூலான மின்ஹாஜில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் வக்ஃபு மேலாளரின் பணிகளை எண்ணுமிடத்து, கட்டடப் பேணுகையை முதலாவதாக வைத்து, வாடகைக்கு விடுதல், வருவாய் திரட்டல், பங்கிடல் ஆகியவற்றை அதன் பின்னரே வைக்கிறார்கள்.

ஹிதாயாவில் மேலும் ஒரு சட்டம் ஈண்டு நோக்கத்தக்கது. வீடொன்று ஒருவர் குடியிருப்பதற்காக வக்ஃபு செய்யப்பட்டால் அதனைப் பழுது பார்க்கும் பொறுப்பு குடியிருப்பவருடையது. அவர் மறுத்தாலோ, வறியவராயினாலோ நீதிபதி அவ்வீட்டை வாடகைக்கு விட்டு, அவ்வாடகையைக் கொண்டு செப்பனிட்டு, மீண்டும் அவரிடமே ஒப்படைக்க வேண்டும். பயன் கொள்பவர் சுமையையும் ஏற்க வேண்டும். அவரால் இயலாதபோது ஆட்சி தலையிட வேண்டும். தலையிட்ட ஆட்சி உரிமையைப் பறித்துக்கொள்ளலாகாது. இம்மூன்று கருத்துகளும் இச்சிறு சட்டத்துள் அடங்கியுள்ளன.

இவ்விதிகள் எல்லாக் காலத்திலும் பின்பற்றப்பட்டன என்று நாம் கூறவரவில்லை. முதவல்லிகளின் அசட்டையாலும் ஆட்சிமாற்றங்களாலும் சிதைந்த மதரசாக்கள் எண்ணிறந்தவை. 1234இல் திறக்கப்பட்ட பக்தாதின் முஸ்தன்ஸிரிய்யா இன்றும் நிற்கிறது. ஆயினும் இடைக்காலத்தில் அது சுங்கக் கட்டடமாகப் பயன்பட்ட வரலாறும் உண்டு. செலவின் வரிசை எவ்வாறு அமைய வேண்டும் என்பதில் நம் முன்னோர்க்குத் தெளிவு இருந்தது என்பதே ஈண்டு நாம் சுட்ட விரும்புவது.

ஒரே அரசு, இரு வேறு தொடக்கங்கள்

தனியார் பள்ளிக்கு அரசு மானியம் எனும் இக்கால முறை நமக்குப் பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கு அதன் தொடக்கம் கட்டடத்தில்தான். 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளிக் கட்டடங்களை எழுப்ப 20,000 பவுன் ஒதுக்கியது. திருச்சபை சார்ந்த இரண்டு கல்விச் சங்கங்களின் வழியே அத்தொகை வழங்கப்பட்டது. செலவில் ஒரு பகுதியை மக்கள் நன்கொடையாகத் திரட்ட வேண்டும் என்பது நிபந்தனை.

இந்தியாவில் 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் கல்விக்கென ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் ஒதுக்க வழி செய்தது. எனினும் முறையான மானியத் திட்டம் 1854 ஜூலை 19 நாளிட்ட சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கையுடன்தான் பிறந்தது. நாடு முழுவதும் அரசே பள்ளி நடத்துவது பெருஞ்செலவு. ஆதலால் தனியார் முயற்சிக்குக் கைகொடுப்பதே சிக்கனம் என்பது அதன் கணக்கு. நல்ல உலகியல் கல்வி, பொறுப்பான உள்ளூர் நிர்வாகம், அரசின் ஆய்வுக்கு உடன்படல், சிறு தொகையேனும் கட்டணம் ஆகியவை நிபந்தனைகளாயின. பள்ளியில் புகட்டப்படும் சமயக் கல்வியை அரசு ஆராயாது என்பதும் உறுதி செய்யப்பட்டது.

மானியம் எவற்றுக்கு என்பதில் அவ்வறிக்கை காட்டும் வரிசை கருதத்தக்கது. தலைமையாசிரியரின் ஊதியத்தை உயர்த்துவதும், துணையாசிரியரை அமர்த்துவதும் தலையாய நோக்கங்கள். உதவித் தொகை, பாடநூல், கட்டடம் எழுப்பலும் பழுது பார்த்தலும் அவற்றுக்குப் பின்னரே வருகின்றன. கட்டட உதவி சில இடங்களில் மட்டுமே தேவைப்படும் என்பது அதன் எண்ணம். இங்கிலாந்தில் கட்டடத்தில் தொடங்கிய உதவி, இந்தியாவில் ஊதியத்தில் தொடங்கியது. அன்று வகுக்கப்பட்ட இவ்வரிசை பின்னர் வந்த ஆட்சிகள் அனைத்திலும் ஏறத்தாழ அப்படியே தொடர்ந்தது.

சென்னை மாகாணத்தில்

1855இல் சென்னை மாகாணத்தில் பொதுக்கல்வித் துறை அமைந்தது. அதன் முதல் இயக்குநர் அலெக்சாண்டர் அர்பத்நாட். தொடக்கத்தில் மானியத்தால் பெரும்பயன் அடைந்தவை, முன்னரே கட்டடமும் நிர்வாக அமைப்பும் பெற்றிருந்த கிறித்தவ மிஷன் பள்ளிகள். ஏற்கனவே ஓரளவு நிற்கும் நிறுவனத்திற்குத்தான் உதவி எளிதில் கிட்டும் என்பது இம்முறையின் இயல்பு. கூரையே இல்லாத திண்ணைப் பள்ளிகளும் பள்ளிவாசல் முற்றத்தில் நடைபெற்ற குர்ஆன் பள்ளிகளும் அதன் எல்லைக்கு வெளியே நின்றன.

அவற்றையும் உள்ளே கொணரும் வகையில் 1860களின் இறுதியில் ‘தேர்ச்சி வழி மானியம்’ வந்தது. ஆய்வாளர் வந்து தேர்வு நடத்துவார். தேறிய மாணவர் தலைக்கு இவ்வளவு எனத் தொகை கிடைக்கும். 1862இல் இங்கிலாந்தில் புகுத்தப்பட்ட திருத்த விதிகளின் சாயல் இது. திண்ணை வாத்தியாருக்கு இதனால் சிறிது வருவாய் கிட்டியது உண்மை. ஆனால் இம்முறைக்குத் தேறிய தலைகள் மட்டுமே கண்ணிற்பட்டன. அத்தலைகளின் மேலிருந்த கூரை கண்ணிற்படவில்லை. 1904ஆம் ஆண்டு கர்சன் ஆட்சியின் கல்விக் கொள்கைத் தீர்மானம் இம்முறையைக் கண்டித்தது.

இதனிடையே 1882இல் ஹண்டர் தலைமையில் கல்வி ஆணையம் அமர்த்தப்பட்டது. சர் சையித் அஹ்மது கான் அவர்கள் தொடக்கத்தில் அதன் உறுப்பினர். பின்னர் அவர்தம் மைந்தர் சையித் மஹ்மூது அவ்விடத்தில் அமர்ந்தார். 1883இல் வெளியான அறிக்கை முஸ்லிம் கல்விக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கிப் பதினேழு பரிந்துரைகளை அளித்தது. முஸ்லிம் கல்வியை ஊக்குவிப்பது உள்ளாட்சி, நகராட்சி, மாகாண நிதிகளின்மீது நியாயமான பொறுப்பு என்றும், உலகியல் பாடங்களைச் சேர்த்துக்கொள்ளும் சமுதாயப் பள்ளிகளுக்குத் தாராளமாக உதவ வேண்டும் என்றும் அது கூறியது. மானியம் சலுகையன்று, பொது நிதியின் கடமை எனும் கருத்து முஸ்லிம்களைப் பொறுத்து அரசு ஆவணமொன்றில் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டது பெரிய செய்தியே. பின்னர் 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், மாவட்டக் கல்வி மன்றங்களையும் கல்வி வரியையும் கொண்டுவந்தது.

அரசமைப்பும் நீதிமன்றமும்

விடுதலைக்குப் பின் மானியத்தின் சட்ட நிலை தெளிவுற்றது. அரசமைப்பின் 30ஆம் உறுப்பு, சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை அளிக்கிறது. மானியம் வழங்கும்போது, ஒரு நிறுவனம் சிறுபான்மையினரின் நிர்வாகத்தில் உள்ளது எனும் காரணத்தால் அரசு வேறுபாடு காட்டலாகாது என்பது அதன் இரண்டாம் கூறு. உதவி பெறும் பள்ளியில் எவரையும் அவரது இசைவின்றிச் சமயக் கல்வியில் பங்குபெறக் கட்டாயப்படுத்தலாகாது என்பது 28ஆம் உறுப்பின் மூன்றாம் கூறு.

1957ஆம் ஆண்டின் கேரளக் கல்வி மசோதா குறித்து உச்சநீதிமன்றம் 1958 மே மாதத்தில் வழங்கிய கருத்துரை இத்துறையில் அடிப்படையானது. மானியத்தைக் காட்டிச் சிறுபான்மையினரின் உரிமையை விலைபேசலாகாது என்று கூறிய அதே நீதிமன்றம், நிர்வகிக்கும் உரிமை சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமையாகாது என்றும் கூறியது. நலக்கேடான சூழலில், தகுதியற்ற ஆசிரியர்களைக் கொண்டு பள்ளி நடத்திவிட்டு உதவி கோர இயலாது என்பது தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸின் விளக்கம். இதன் முற்பாதியை நாம் மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். பிற்பாதியை அவ்வளவாக நினைவு கூர்வதில்லை.

அம்மசோதாவின் வழிவந்த 1958ஆம் ஆண்டின் கேரளச் சட்டம், ஆசிரியர் ஊதியத்தை அரசே நேரடியாக வழங்க வகை செய்தது. தாளாளருக்குப் பராமரிப்பு மானியம் வழங்கலாம் என்றும், நிலம், கட்டடம், தளவாடம் ஆகியவற்றின் சீரமைப்புக்கு உதவலாம் என்றும் அதன் 9ஆம் பிரிவு கூறுகிறது. ஊதியம் கடமையாகவும் கட்டடம் ‘வழங்கலாம்’ எனும் விருப்பமாகவும் அமைந்திருப்பதைக் காண்க. 1854ஆம் ஆண்டின் வரிசை நூறாண்டு கடந்தும் மாறவில்லை.

தமிழகத்தின் நிலை

தமிழகத்தில் 1950களின் பிற்பகுதி ஒரு நல்ல இடைக்காலம். காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைக் கூட்டுவித்தார். மக்கள் நிலமும் மரமும் ஓடும் இருக்கைகளும் வழங்கினர். கட்டடங்கள் பழுது பார்க்கப்பட்டன. ஒரு வகையில் அது குடிமராமத்தின் மறுபிறவி. ஆனால் மாநாட்டு உற்சாகம் ஆண்டுதோறும் திரும்பி வருவதில்லை; மழையோ தவறாமல் வருகிறது.

1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் (ஒழுங்குபடுத்தல்) சட்டமும் அதன் விதிகளும் மானிய முறையை ஒழுங்குபடுத்தின. ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்றது. கல்விக் கட்டணமும் நீங்கியது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால் அவற்றின் விளைவாக உதவி பெறும் தொடக்கப்பள்ளியின் தாளாளர் கையில் பழுது பார்ப்பதற்கென உறுதியான வருவாய் எதுவும் எஞ்சவில்லை. பராமரிப்புக்கென மானியத் தலைப்பு இருந்தும், அது ஊதிய மானியத்தின் அருகில் மிகச் சிறியது. சொத்து வளமுள்ள அறக்கட்டளைகள் சமாளித்தன. ஓர் ஆசிரியர் தம் சேமிப்பில் தொடங்கியவையும், சிறு ஜமாஅத்துகள் நடத்தியவையும் இளைத்தன. 1991–92ஆம் கல்வியாண்டு முதல் தொடங்கப்பட்ட தனியார் பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்று சட்டம் பின்னர் திருத்தப்பட்டது. எனவே இன்று உதவி பெறும் பள்ளி என்றாலே முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட நிறுவனம் என்றே பொருள். அவற்றுள் பலவற்றின் கட்டடங்கள் அதனினும் பழையவை.

கும்பகோணம் உணர்த்தியது

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெருவில், உதவி பெறும் தொடக்கப்பள்ளியும் வேறு பள்ளிகளும் ஒரே கட்டடத்தில் இயங்கிய வளாகத்தில், சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரையைப் பற்றியது. குறுகலான ஒரே படிக்கட்டு. 94 குழந்தைகள் மாண்டனர். பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்றுமாறு அதன்பின் தமிழகம் முழுவதும் ஆணை பிறந்தது. பத்தாண்டு கழித்து 2014 ஜூலையில் தஞ்சாவூர் அமர்வு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்துப் பதினொருவரை விடுவித்தது. தண்டனை பெற்றோருள் பள்ளியைச் சார்ந்தோரும் இருந்தனர். கல்வித் துறையைச் சார்ந்தோரும் இருந்தனர். ஒருவர் கட்டடத்தைக் கவனிக்கவில்லை. மற்றவர் கவனியாமையைக் கவனிக்கவில்லை.

பள்ளிக் கட்டடங்களுக்கு உரிமம் வேண்டும் என்னும் 1965ஆம் ஆண்டின் பொதுக் கட்டட உரிமச் சட்டம் அப்போது தமிழகத்தில் நடப்பில் இருந்தது என்பதை மறக்கலாகாது. சட்டம் இல்லாமையால் நேர்ந்த விபத்தன்று அது. 2009 ஏப்ரலில் அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் உச்சநீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் கற்பதும் கல்வி உரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்து, நாடெங்கும் தீத்தடுப்பு, கட்டடப் பாதுகாப்பு நெறிகளைக் கட்டாயமாக்கியது.

ஆயினும் 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் உதவி பெறும் பள்ளி ஒன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். தனியார் நிர்வாகத்திற்கு மட்டுமே உரிய குறை இது என்றும் கொள்ள வேண்டா. 2025 ஜூலையில் இராஜஸ்தானின் ஜாலாவாடு மாவட்டத்தில் கட்டடம் இடிந்து ஏழு குழந்தைகள் மாண்டது அரசுப் பள்ளி ஒன்றில்தான்.

ஒரு வலுவான மறுப்பு

கட்டடத்திற்கு அரசு ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்போரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஊதியம் ஆசிரியரின் உழைப்புக்குச் சேர்கிறது. கட்டடச் செலவோ அறக்கட்டளையின் சொத்தில் சேர்கிறது. நாளை பள்ளியை மூடிவிட்டு அச்சொத்தை விற்றால் பொதுப்பணம் தனியார் கைக்குப் போகும். பிரான்சு நாடு இவ்வாதத்தை ஏற்றுள்ளது. 1959ஆம் ஆண்டின் டெப்ரே சட்டப்படி ஒப்பந்தம் செய்த தனியார் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அரசு ஊதியம் தருகிறது. ஆனால் 1886ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தனியார் தொடக்கப்பள்ளிகளின் கட்டட முதலீட்டுக்குப் பொது நிதி மறுக்கப்படுகிறது.

இங்கிலாந்து வேறு வழி கண்டது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ், சமய அமைப்புகள் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளில் உட்புறப் பழுதுகளை உள்ளாட்சி ஏற்றது. வெளிப்புறப் பழுதும் புதுக்கட்டுமானமும் நிர்வாகத்தின் பொறுப்பாயின. அச்செலவில் பாதியை அரசு தந்தது. அப்பங்கு 1959இல் 75 விழுக்காடாகவும், 1967இல் 80 ஆகவும், 1975இல் 85 ஆகவும், 2002இல் 90 ஆகவும் உயர்ந்தது. 1998இல் அங்கு முதன்முறையாக இரு முஸ்லிம் பள்ளிகளுக்கு அரசு நிதி கிட்டியது. இலண்டனில் யூசுஃப் இஸ்லாம் நிறுவிய இஸ்லாமியா தொடக்கப்பள்ளி அவற்றுள் ஒன்று. நிர்வாகத்தின் பங்கு சிறிதாயினும் அற்றுப்போகவில்லை என்பதே இம்முறையின் நுட்பம். சொத்து உரிமை உள்ளவரிடம் ஒரு சுமையும் இருக்கிறது.

நம் மரபில் இவ்வாதத்திற்கு இன்னும் தெளிவான விடை உண்டு. முறையான வக்ஃபுச் சொத்து விற்பனைக்குரியதன்று. பள்ளிக் கட்டடம் மீளா அறக்கொடையாக எழுதி வைக்கப்பட்டிருந்தால், அதில் செலவிடப்படும் பொதுப்பணம் தனிமனிதர் கைக்குப் போக வழியில்லை.

நம் பொறுப்பு

முஸ்லிம் குழந்தைகளுள் பள்ளி வயதினரில் ஏறத்தாழ மூன்று விழுக்காட்டினரே மதரசாக்களில் பயில்கின்றனர் என்று 2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கை காட்டியது. ஏனையோரின் கல்வி அரசுப் பள்ளிகளையும் தனியார் பள்ளிகளையுமே சார்ந்தது. ஆதலால் இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எல்லாப் பருவத்தையும் தாங்கும் கட்டடம், ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, ஆண் பெண் இருபாலர்க்கும் தனிக் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் ஆகியவற்றை அட்டவணையிட்டுக் கூறுகிறது. 2014 மே மாதத்தில் பிரமதி வழக்கில் உச்சநீதிமன்றம் அச்சட்டம் சிறுபான்மை நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இருநீதிபதி அமர்வொன்று அத்தீர்ப்பில் ஐயம் எழுப்பி, அதனைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. முடிவு எவ்வாறாயினும், விலக்கு என்பது நிர்வாக உரிமையைக் காக்க வந்தது. ஒழுகும் கூரைக்கு அதனைக் குடையாகப் பிடித்தல் முறையன்று.

மானியம் பெறுவது அடிப்படை உரிமையன்று என்று 2021இல் உச்சநீதிமன்றம் உத்தரப்பிரதேச வழக்கொன்றில் கூறியதும் நினைவிற்குரியது. சிறுபான்மைப் பள்ளிகளின் கட்டமைப்புக்கென ஒன்றிய அரசு கொண்டுவந்த திட்டம், செலவில் 75 விழுக்காடு வரை, 50 இலட்சம் ரூபாய் உச்சவரம்பில் உதவியது. பின்னர் அது மதரசாக்கள், சிறுபான்மையினர் கல்வித் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. அதற்கான ஒப்புதல் 2022 மார்ச்சுடன் முடிவுற்றது. வேறுபாடு காட்டலாகாது என்று நாம் வாதாடலாம். ஆனால் திட்டமே இல்லாதபோது வாதாடுவதற்கு ஒன்றுமில்லை.

எனவே இரு திசைகளில் முயற்சி வேண்டும். அரசிடம் கேட்க வேண்டியது, ஊதிய மானியத்தினின்று பிரித்த தனிப் பழுதுபார்ப்பு மானியம். நிர்வாகம் ஒரு பங்கு ஏற்க, எஞ்சியதை அரசு ஏற்கும் வகையில் அது அமையலாம். கைவிட்ட நிர்வாகங்களின் பள்ளியில் அரசே செப்பனிட்டுத் திரும்ப ஒப்படைக்கும் வழியும் வேண்டும். ஹிதாயாவின் நீதிபதி செய்வது அதுவே. நம்மிடம் நாம் கேட்க வேண்டியது, ஆண்டு வருவாயில் முதற்பங்கைக் கட்டடக் கணக்கில் வைப்பது. பொறியாளரின் உறுதிச் சான்றை உரிமத்துக்காக மட்டுமன்றி உண்மையாகவே பெறுவது. பெருமைக்குரிய புதிய முகப்பை எழுப்புமுன் பழைய சுவரின் விரிசலை அடைப்பது.

புதுக்கட்டடத்திற்குத் திறப்பு விழா உண்டு. கொடையாளரின் பெயர் பொறித்த கல் உண்டு. மாற்றிய ஓட்டுக்கும் பூசிய விரிசலுக்கும் விழாவும் இல்லை, கல்லும் இல்லை. அதனால்தான் போலும், நம் ஃபகீஹுகள் அதனைக் கொடையாளரின் விருப்பத்திற்கு விடாமல், அவர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் முதற்கடமை என்று எழுதி வைத்தனர்.